டைம்லைனில் எச்டி வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறதா? ராம் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்

எடிட் பண்ண உட்கார்ந்து ஸ்பேஸ்பாரைத் தட்டினால் சத்தம் ஒழுங்காக வரும், படம் மட்டும் ஓர் இடத்தில் உறைந்து நின்று திடீரென்று நாலு எட்டு தாண்டி வேறெங்கோ போய் நிற்கும். அதே ஃபைலை விஎல்சியில் போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இத்தனூண்டு ஃபைலுக்கே கம்ப்யூட்டர் திணறுதா என்று எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது. ஆனால் ஃபைல் இத்தனூண்டாக இருப்பதுதான் வினையே.

ஒரு கணக்குப் போடுவோம். வீடியோ என்பது வரிசையாக ஓடும் தனித்தனிப் படங்கள், அதில் ஒரு படம்தான் ஃப்ரேம். 1920 x 1080 ஃப்ரேம் ஒன்றில் 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் பிக்சல். பிக்சலுக்கு 3 பைட் என்றால் ஒரு ஃப்ரேம் சுமார் 6 எம்பி, நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் நிமிடத்துக்கு 11 ஜிபி. போன் இதை நூற்றுச் சொச்சம் எம்பிக்குள் அடக்கிவிடுகிறது. எப்படி? எச்.264 என்கிற கோடெக் (வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை) முழுப் படத்தை எப்போதாவது ஒரு ஃப்ரேமில்தான் வைக்கும், நடுவில் வருவதெல்லாம் ‘அந்தப் படத்தில் இந்த இடம் மட்டும் மாறியிருக்கு’ என்கிற குறிப்புகள். பிளேயர் நேராக முன்னால் போவதால் அதற்குக் கஷ்டமில்லை. எடிட்டரில் நாம் நடுவில் வெட்டுவோம், பின்னால் இழுப்போம். 247ஆவது ஃப்ரேமைக் காட்ட, அதற்கு முன்னால் முழுப் படம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்கு அடுத்து வந்த எச்.265 இன்னும் இறுக்கம், வேலையும் கூடுதல்.

சரி, முதல் வேலை, அடைப்பு எங்கே என்று பார்ப்பது. புது டைம்லைன் ஒன்றில் அந்த கிளிப்பை மட்டும் போட்டு, எஃபெக்ட் எதுவும் இல்லாமல் ஓட்டுங்கள். நன்றாக ஓடினால் குற்றவாளி எஃபெக்ட். அப்போதும் திக்கினால் டாஸ்க் மேனேஜரைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி ஓட்டுங்கள்: டிஸ்க் 100 சதவீதத்தைத் தொட்டால் ஹார்ட் டிஸ்க்தான் பிரச்சினை (யூஎஸ்பி 2.0-வில் மாட்டிய பழைய டிஸ்க் என்றால் சந்தேகமே வேண்டாம், ஃபைலை உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடுங்கள்), சிபியு முட்டிக்கொண்டு நின்றால் கோடெக்.

இரண்டாவது, பிளேபேக் ரெசல்யூஷனை, அதாவது எடிட் பண்ணும்போது திரையில் காட்டும் படத்தின் துல்லியத்தைக் குறையுங்கள். ப்ரீமியர் ப்ரோவில் புரோகிராம் மானிட்டருக்குக் கீழே ‘ஃபுல்’ என்று இருப்பதை 1/2 அல்லது 1/4 ஆக்குங்கள், டாவின்சி ரிசால்வில் பிளேபேக் மெனுவுக்குள் ஹாஃப், குவார்ட்டர் இருக்கும். எக்ஸ்போர்ட் தரம் இதனால் குறையாது, பயப்பட வேண்டாம். ப்ரீமியரில் அந்த ஸ்பானர் ஐகானுக்குள் டிராப்டு ஃப்ரேம் இண்டிகேட்டரையும் ஆன் செய்துகொள்ளுங்கள்: ஒரு சின்னப் பச்சைப் புள்ளி வரும், ஃப்ரேம் தவறினால் மஞ்சளாகும், மவுஸை மேலே வைத்தால் எத்தனை தவறியது என்று எண்ணிக்கையே சொல்லும். கண்ணை நம்புவதை விட இது மேல்.

அதிலும் சரியாகவில்லை என்றால் ப்ராக்ஸி, அதாவது எடிட் பண்ணுவதற்கு மட்டும் ஒரிஜினலுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும், ஓட்டுவதற்குச் சுலபமான நகல். என்னைக் கேட்டால் நேராக இங்கேயே வந்துவிடலாம். ப்ரீமியரில் கிளிப்பில் ரைட் கிளிக், ப்ராக்ஸி, கிரியேட் ப்ராக்ஸீஸ். ஃபார்மேட் கேட்கும்போது எச்.264-ஐ விட்டுவிட்டு ப்ரோரெஸ் ப்ராக்ஸியை எடுங்கள், இதில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படமாகவே இருக்கும். போனில் எடுத்த ஒரிஜினலை விட ப்ராக்ஸி பெரிதாகக்கூட வரலாம், அது தப்பில்லை. அப்புறம் முக்கியமான ஒன்று: புரோகிராம் மானிட்டரின் ‘+’ குறியை அமுக்கி டாகிள் ப்ராக்ஸீஸ் பட்டனை வெளியே இழுத்துப் போட்டு, அது நீலமாக எரிகிறதா என்று பாருங்கள். ப்ராக்ஸி எல்லாம் செய்து முடித்துவிட்டு இந்தப் பட்டனை அமுக்காமலே ‘ஒண்ணும் மாறலையே’ என்று ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவன் நான். கேடென்லைவ், ஷாட்கட் மாதிரி இலவச எடிட்டர்களிலும் ப்ராக்ஸி வசதி உண்டு.

போன் வீடியோவில் இன்னொரு தொல்லை, ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது. போகப் போக உதடும் சத்தமும் விலகினால் இதுதான். ஹேண்ட்பிரேக் என்கிற வீடியோ கன்வெர்ட்டரில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் போட்டு மாற்றிவிட்டு எடிட்டருக்குள் கொண்டுவாருங்கள்.

எஃபெக்ட்தான் காரணம் என்றால், ப்ரீமியரில் டைம்லைனுக்கு மேலே சிவப்புக் கோடு இருக்கும் பகுதிக்கு மட்டும் தொடக்கத்தில் இன், முடிவில் அவுட் வைத்து ரெண்டர் கொடுங்கள் (எஃபெக்ட்டை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும்), கோடு பச்சையாகிவிடும். நாய்ஸ் ரிடக்‌ஷன் மாதிரி கனமானவற்றை வெட்டு ஒட்டு எல்லாம் முடிந்த பிறகு போடுவது நல்லது. புராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரர் ‘சாஃப்ட்வேர் ஒன்லி’ என்று கிடந்தால் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) பக்கம் மாற்றுங்கள்.

லேப்டாப் என்றால் இதற்கெல்லாம் முன்னால் சார்ஜர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். மாட்டியிருந்தால், சுவிட்ச் போட்டிருக்கிறதா என்றும்.