"அக்கா, இதை என்ன பண்ணட்டும்?"

நான் ஒரு சிறிய அச்சகம் நடத்துகிறேன். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. அதில் முதல் பத்து ஆண்டுகளில் நான் அதிகமாகக் கேட்ட வாக்கியம்தான் தலைப்பில் இருப்பது. எந்தப் பேப்பரில் ஓட்டுவது, கழிவுக்கு எத்தனை ஷீட் கூடுதலாக வைப்பது, பாதிப் பணம் மட்டும் தந்தவருக்குச் சரக்கைக் கொடுக்கலாமா, அட்டைக்கு லேமினேஷன் பளபளப்பா மங்கலா. எல்லாமே என்னிடம் வரும்.

அந்தக் கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன என்று ஒப்புக்கொள்ளவே வெகுநாள் ஆனது. நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நகராது என்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பிறகு ஒருமுறை காய்ச்சலில் ஐந்து நாள் படுத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் நான்கு வேலைகள் அப்படியே நிற்கின்றன. நான்கும் ஆளுக்கொரு சின்ன முடிவுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. ஒன்று, நோட்டீசை இரண்டாக மடிப்பதா மூன்றாக மடிப்பதா என்பதற்காக. ஆர்டர் படிவத்திலேயே 'மூன்று மடிப்பு' என்று எழுதியிருந்தது. யாரும் படிக்கவில்லை. படிக்கத் தேவையே இல்லாமல் அவர்களைப் பழக்கியது நான்தான்.

அன்று தொடங்கி நான் செய்தவற்றில் எது உதவியது, எது உதவவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் தொழில் வேறாக இருக்கலாம். ஆனால் முடிவெல்லாம் உங்கள் மேசையில் வந்து தேங்குகிறது என்றால் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் ஒரு நோட்டு

இரண்டு வாரத்துக்கு எதையும் மாற்றாதீர்கள். பாக்கெட்டில் அடங்கும் ஒரு நோட்டு வாங்கி, உங்களிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் எழுதுங்கள். என்ன கேள்வி, யார் கேட்டார், எத்தனை நிமிடம் போனது. அவ்வளவு போதும். இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் வேலைக்காகாது. அந்தந்த நேரத்திலேயே எழுத வேண்டும். நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கரும் இதைத்தான் வலியுறுத்தினார்: நேரம் எங்கே போகிறது என்பதில் நம் நினைவை நம்பக் கூடாது, பதிவை நம்ப வேண்டும். என் நினைப்பில் நான் நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். நோட்டோ, பாதி நாள் பேப்பர் அடுக்குக்கும் பைண்டிங் மேசைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன் என்றது.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கேள்விகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள். எப்போதும் ஒரே பதில் வரும் கேள்விகள் முதல் குவியல். பதில் மாறும், ஆனால் ஓர் எல்லைக்குள்தான் மாறும் என்பவை இரண்டாவது. உண்மையிலேயே நீங்கள் மட்டுமே முடிவு செய்ய வேண்டியவை மூன்றாவது: ஆள் எடுப்பது, ஆளை நிறுத்துவது, கடன், புது இயந்திரம், ஒரு வாடிக்கையாளரே வேண்டாம் என்று விடுவது போன்றவை. என் நோட்டில் மூன்றாவது குவியல் ஒரு பக்கத்தைக் கூடத் தாண்டவில்லை. கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

ஒரே பதில் உள்ளவை காகிதத்துக்கு

1935 அக்டோபர் 30 அன்று போயிங் நிறுவனத்தின் மாடல் 299 விமானம், அமெரிக்க ராணுவத்துக்கான சோதனையில் மேலே கிளம்பியதும் விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் கற்றுக்குட்டி அல்ல, நல்ல அனுபவம் உள்ள விமானி. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்க வால்பகுதியில் போடும் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு விமானிகளுக்கு இன்னும் அதிகப் பயிற்சி கொடுப்பதை மட்டும் அவர்கள் நம்பியிருக்கவில்லை. புறப்படும் முன் பார்க்க வேண்டியவற்றை ஓர் அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். அதே விமானம்தான் பிறகு பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

எங்களிடம் பிளேட் (அச்சுத் தகடு) போடும் முன் பார்க்க ஏழு வரி அட்டை ஒன்று இருக்கிறது. அளவு சரியா. சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட், அதாவது வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம், விட்டிருக்கிறதா. நடுவில் பின் அடிக்கும் புத்தகமென்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடுகிறதா. பக்க வரிசை தெரிய வெள்ளைத்தாளில் டம்மி (மாதிரிப் புத்தகம்) மடித்துப் பார்த்தாயிற்றா. எனக்கு மிகவும் பிடித்தது ஐந்தாவது வரி: அச்சாகப் போகும் தொலைபேசி எண்ணை ஒருமுறை அடித்துப் பார். கண்ணால் எத்தனை முறை சரிபார்த்தாலும் தப்பும் எண், அடித்துப் பார்த்தால் தப்பாது.

இதில் நான் செய்த தப்பு, முதல் அட்டையை நானே எழுதியது. இருபத்திரண்டு வரி! மூன்றாம் நாளே அது இங்க் டப்பாவுக்கு மூடியாகிவிட்டது. இப்போதிருப்பதை டிசைன் பார்க்கும் பெண்ணும் மெஷின் ஓட்டுபவரும் சேர்ந்து எழுதினார்கள். வேலையைச் செய்கிறவர் எழுதட்டும், நீங்கள் படித்துப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள், போதும். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எல்லை உள்ளவற்றுக்கு எல்லையைச் சொல்லுங்கள்

"பார்த்துச் செய்" என்பதை அதிகாரம் கொடுத்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம். கேட்பவருக்கு அது 'தப்பானால் உன் தலை' என்றுதான் கேட்கும். ஆகவே எண்ணாகச் சொல்லுங்கள். எங்கள் கவுண்டரில் இருக்கும் தம்பி, ஒரு வேலையின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு வரை என்னைக் கேட்காமலே தள்ளுபடி தரலாம், அல்லது அந்த அளவுக்கு மறு அச்சு போட்டுக் கொடுக்கலாம். அதற்கு மேல் என்றால் என்னிடம் வர வேண்டும்.

எல்லை கொடுத்த பிறகு ஒரு கட்டுப்பாடு நமக்கும் உண்டு. அந்த எல்லைக்குள் அவர் எடுத்த முடிவு நமக்குப் பிடிக்காவிட்டாலும் அதை மாற்றக் கூடாது. வாடிக்கையாளர் முன்னால் நிச்சயம் கூடாது. நான் ஒருமுறை மாற்றினேன். அவர் கொடுத்த தள்ளுபடியை, "இல்லைங்க, அதெல்லாம் வராது" என்று முகத்துக்கு நேரே ரத்து செய்தேன். மிச்சமானது சொற்பத் தொகை. அப்புறம் இரண்டு மாதம் அவர் பென்சில் சீவக்கூட என்னைக் கேட்டார்.

ஒரு பொறுப்பைக் கைமாற்றுவதில் படிகள் உண்டு. நீங்கள் செய்ய அவர் பார்ப்பது, அவர் செய்ய நீங்கள் பார்ப்பது, அவர் முடிவெடுத்து, செய்யும் முன் உங்களிடம் சொல்வது, செய்துவிட்டுச் சொல்வது, கடைசியில் வாரம் ஒருமுறை பேசிக்கொள்வது. முதல் படியிலிருந்து ஐந்தாம் படிக்குத் தாவிவிட்டு, ஒரு தப்பு நடந்ததும் "எதையும் நம்பி விட முடியல" என்று எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் நம்மில் பலர் செய்வது. இன்னொன்று, படி ஆளுக்கல்ல, வேலைக்கு. பதினைந்து வருடம் கட்டிங் செய்த அண்ணன் விலை கணக்குப் போடுவதில் முதல் படியில்தான் இருப்பார். அதை அவர் சீனியர் என்பதால் மறந்துவிடக் கூடாது.

சரி, அப்படியும் வந்து "அக்கா, இதை என்ன பண்ணட்டும்?" என்பார்கள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். நான் மனதுக்குள் பத்து எண்ணுவேன். ஏழில் பெரும்பாலும் பதில் வந்துவிடும். ஆனால் மெஷின் நின்று கிடக்கும்போது இந்த வித்தையைக் காட்டாதீர்கள். அது வைவா பரீட்சை மாதிரி ஆகிவிடும், ஆளுக்கும் எரிச்சல்தான் வரும்.

தப்பைச் சொல்ல வருகிறவர்

இங்கே கொஞ்சம் நிறுத்தி எழுத வேண்டும். மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் இது சரியில்லை என்றால் பயனில்லை.

ஒரு நிறுவனத்துக்கு இரண்டாயிரம் கையேடு அச்சிட்டோம். ப்ரூஃபை (அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரி) இரவு பதினோரு மணிக்குப் போனில் பார்த்து "ஓகே" என்று அனுப்பியது நான். பதினைந்தாம் பக்கம் பதினான்குக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. பின் அடித்து, வெட்டி, கட்டுக் கட்டி, ஒப்படைத்த பிறகுதான் தெரிந்தது. முழுவதையும் மறுபடி அடித்துக் கொடுத்தோம். அந்த மாத லாபம் போனது மட்டும் அல்ல. கட்டிங் அண்ணனிடம், "உங்க கண்ணில் படலையா?" என்று கேட்டேன். "பட்டுச்சும்மா. போன வாரம் இன்னொரு வேலையை நிறுத்திட்டுக் கேட்டதுக்கு, வெட்டுறது மட்டும் உங்க வேலைன்னு சொன்னீங்க. அதான்..." என்றார்.

அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. அவருக்கு வார்த்தை மாறாமல் நினைவிருந்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் தொடங்கினார். கணக்கோ தலைகீழாக வந்தது: நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். உங்கள் இடத்தில் தப்பே காதுக்கு வருவதில்லை என்றால் அதை நினைத்து மகிழ அவசரப்படாதீர்கள்.

டொயோட்டா தொழிற்சாலைகளில் வேலை ஓடும் வரிசையை ஒட்டி ஒரு கயிறோ பொத்தானோ இருக்கும். ஏதோ சரியில்லை என்று பட்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம், அல்லது அழுத்தலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் வரிசை நிற்கும். எங்களிடம் கயிறு இல்லை, சிவப்பு அட்டை இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எந்த வேலையின் மேலும் அதை வைக்கலாம். வைத்தால் அந்த வேலை நகராது. நான் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை "நல்லவேளை". சந்தேகம் வீண் என்று தெரிந்தாலும் அதே வார்த்தைதான். முதல் மாதம் யாரும் அட்டையைத் தொடவில்லை. பிறகு நானே என் வேலை ஒன்றின் மேல் வைத்து, "விலை தப்பாப் போட்டுட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதற்கடுத்த வாரம் கட்டிங் அண்ணன் வைத்தார்.

அட்டை விழுந்த பிறகு 'யார்' என்று கேட்காமல் 'ஏன்' என்று ஐந்து முறை வரை கேட்டுப் போங்கள். பக்கம் ஏன் மாறியது? டம்மி மடிக்கவில்லை. ஏன்? நேரமில்லை. ஏன்? மறுநாள் காலை தருவதாகச் சொல்லியிருந்தோம். ஏன் சொன்னோம்? நான்தான் சொன்னேன், கேட்டவரிடம் முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஐந்தாவது 'ஏன்' வருவதற்குள் என் பெயர் வந்துவிட்டது. பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

நம்மைப் பற்றி

இரவு ஏழு மணிக்கு மேல் எந்த ப்ரூஃபுக்கும் நான் ஒப்புதல் தருவதில்லை. அந்தக் கையேட்டுக்குப் பிறகு வந்த விதி இது. எந்த நேரத்தில் உங்கள் புத்தி மழுங்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் முடிவெடுக்காதீர்கள்.

கோபத்தைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். எனக்கு நோட்டு காட்டியது வேறு. நான் எரிந்து விழுந்த நாட்களெல்லாம் வங்கியில் எவ்வளவு இருக்கிறது, சம்பளத்துக்கு வருமா என்று தெரியாத வாரங்கள். லாபம் வந்தாலும் பணம் கையில் இருக்காது: பேப்பருக்கு இன்றே கொடுத்தாக வேண்டும், வாடிக்கையாளர் இரண்டு மாதம் கழித்துத் தருவார். இப்போது அடுத்த 13 வாரத்துக்கு எந்த வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று ஒரே தாளில் எழுதி வைத்து, வெள்ளிதோறும் திருத்துகிறேன். எனக்கும் மாதச் சம்பளம் வைத்துக்கொண்டு, வீட்டுக் கணக்கை வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றினேன். தியானம் தராத நிதானத்தை அந்தத் தாள் தந்தது.

ஒவ்வொருவரோடும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இருபது நிமிடம் தனியாகப் பேசுங்கள். வேலைக் கணக்குக் கேட்க அல்ல. "எது உங்களை இழுத்துப் பிடிக்குது?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறைக்குள் ஒன்றையாவது சரிசெய்யுங்கள்.

இல்லாமல் பார்ப்பது

கடைசியாக, போகாமல் இருந்து பாருங்கள். முதலில் ஒரு நாள், பிறகு மூன்று நாள், பிறகு ஒரு வாரம். போனை அணைத்துவிட வேண்டும். "அவசரம்னா கூப்பிடுங்க" என்று சொன்னால் எல்லாமே அவசரமாகிவிடும். உண்மையான அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று ஒருவரைச் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் "என்ன தப்பாச்சு?" என்று தொடங்காதீர்கள். "எதுக்கு என்னைத் தேடினீங்க?" என்று கேளுங்கள். வரும் ஒவ்வொரு பதிலும் மறுபடி அந்த மூன்று குவியலில் ஒன்றுக்குப் போகும்.

முதல் முறை மூன்று நாள் போய்விட்டு வந்தபோது இரண்டே கேள்விகள் காத்திருந்தன. பின் அடிக்கும் கம்பி சப்ளையரின் எண் என் போனில் மட்டும்தான் இருந்திருக்கிறது. அன்றே சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினோம். இன்னொன்று, ஒருவர் சம்பளத்தில் முன்பணம் கேட்டது. அது இன்னும் மூன்றாவது குவியலில்தான் இருக்கிறது.