துப்பாக்கிக் கட்டை எந்த மரம்? நீங்களே கண்டுபிடிக்கலாம்

பழைய ரைஃபிளின் கட்டை (தோளில் ஊன்றிப் பிடிக்கும் மரப்பகுதி) பழுப்பாக இருந்தால் போதும், "இது வால்நட்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். தயவுசெய்து நிறத்தை நம்பாதீர்கள். பிர்ச், பீச் போன்ற வெளிறிய மரங்களுக்கு வால்நட் நிறத்தில் சாயம் ஏற்றுவது தொழிற்சாலைகளில் நெடுங்காலப் பழக்கம், விலை குறைந்த .22 (சிறு தோட்டா) ரைஃபிள்களில் இது மிகச் சாதாரணம். எண்ணெயும் கை வியர்வையும் பல ஆண்டுகள் ஊறினால் எந்த மரமும் கறுத்துப்போகும். ஆனால் மரத்தின் நுண்துளைகள் அமைந்திருக்கும் விதத்தை எந்தச் சாயமும் மாற்றாது. அதைத்தான் படிக்கப் போகிறோம்.

தேவையானவை: 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், புது பிளேடு, திருகுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர், நல்ல வெளிச்சம்.

படி 1: துப்பாக்கியைக் காலி செய்யுங்கள்

மேகஸினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, போல்ட்டை (தோட்டா அறையை மூடும் உலோகப் பகுதி) திறந்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். காலி என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகே அடுத்த வேலை.

படி 2: பட் பிளேட்டைக் கழற்றுங்கள்

தோளில் பதியும் பின்முனையில் உள்ள தகடுதான் பட் பிளேட். பெரும்பாலும் இரண்டு திருகுகளில் நிற்கும். ஸ்க்ரூடிரைவர் பொருந்தவில்லை என்றால் திருகின் தலை சிதைந்துவிடும், அவசரம் வேண்டாம்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. கட்டையில் மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுவதால், பின்முனை இயல்பாகவே மரத்தின் குறுக்குவெட்டு. ஆண்டு வளையங்களும் துளைகளும் அங்கே நேராகத் தெரியும். மறைவான இடம் என்பதால் வெளித்தோற்றத்துக்கும் சேதமில்லை.

படி 3: ஒரு சிறு சதுரத்தைச் சீவுங்கள்

ஓரமாக 5 மில்லிமீட்டர் சதுரம் போதும். அங்கே லேசாக ஈரம் தொட்டு, பிளேடைச் சாய்த்துப் பிடித்து, ஒரே இழுப்பில் மெல்லிய சீவல் எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்: தூள் துளைகளை அடைத்துவிடும், பிறகு லென்ஸில் மங்கல்தான் தெரியும். நன்றாகச் சீவிய முகம் லேசாகப் பளபளக்கும்.

படி 4: லென்ஸை வைத்துப் பாருங்கள்

லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கட்டையை அருகே கொண்டுவாருங்கள். முதல் கேள்வி: துளைகள் லென்ஸ் இல்லாமலே தெரிகின்றனவா?

தெரிந்தால் வால்நட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். வால்நட்டில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் துளைகள் பெரிதாக இருக்கும். வளையம் முடியும் இடம் வரை படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும். கட்டையின் பக்கவாட்டில் அதே துளைகள் ஊசியால் கீறியதுபோலக் குட்டிக் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

பெரிய துளைகள் வளையத்தின் தொடக்கத்தில் மட்டும் வரிசையாக நின்று, அதற்கப்பால் சிறு துளைகள் அலையலையாக வளைந்து ஓடினால் அது எல்ம். யூகோஸ்லாவியாவின் எம்48 ரைஃபிள்களில் எல்ம் கட்டைகள் உண்டு.

துளைகள் மிக நுண்ணியதாக, வளையம் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராகப் பரவியிருந்தால் பீச், மேப்பிள், பிர்ச் மூன்றில் ஒன்றாக இருக்கக்கூடும். இவற்றில் பீச் மிக எளிது. மரத்தின் மையத்திலிருந்து வெளிப்பக்கம் ஓடும் ஆரக்கதிர்கள் அதில் அகலமானவை. பக்கவாட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் பழுப்புப் புள்ளிக்கோடுகளாக நிறைந்திருக்கும். மேப்பிளுக்கும் பிர்ச்சுக்கும்தான் பலர் தடுமாறுவார்கள். மேப்பிளில் கதிர்களின் அகலம் துளைகளின் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமம், குறுக்குவெட்டில் தெளிவாகத் தெரியும். பிர்ச்சில் கதிர்கள் துளைகளைவிட மெலிந்தவை; துளைகள் பக்கவாட்டில் மயிரிழைக் கீறல்களாகத் தெரியும்.

இணையாக ஓடும் நேர்கோடுகளும் பசைக் கோடுகளும் தெரிந்தால், அது மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்த கட்டை. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய கே98கே ரைஃபிள்களில் இப்படி ஒட்டிய பீச் கட்டைகள் ஏராளம். சோவியத் ஏகேஎம் துப்பாக்கிகளின் கட்டைகளில் ஒட்டிய பிர்ச்.

படி 5: துப்பாக்கியின் வரலாற்றோடு ஒப்பிடுங்கள்

அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்1 கேரண்ட் என்றால் அமெரிக்கக் கறுப்பு வால்நட்டை எதிர்பார்க்கலாம். சுவிஸ் ராணுவ ரைஃபிளான கே31-இல் முதலில் வந்தவை வால்நட், பிந்தையவை பீச். 18-ஆம் நூற்றாண்டு பென்சில்வேனிய நீள்துப்பாக்கிகளில் அலையோடிய மேப்பிள். இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலத்தைப் பூசிச் சூடுகாட்டி அதற்கு நிறம் ஏற்றினார்கள். ஆனால் கட்டைகள் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம். வரலாறு ஒன்று சொல்லி லென்ஸ் வேறு சொன்னால், நான் லென்ஸ் பக்கம்தான் நிற்பேன்.

வால்நட்டிலேயே எந்த வகை என்பது மட்டும் லென்ஸுக்கு எட்டாது. கறுப்பு வால்நட் பெரும்பாலும் சீரான சாக்லேட் பழுப்பு, சில சமயம் ஊதா சாயல். ஐரோப்பிய வால்நட் வெளிறிய பழுப்பில் கருங்கோடுகள் ஓடும் மரம். உறுதியான பதில் வேண்டுமென்றால் மர ஆய்வகத்தில் நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும்.

பார்த்து முடித்ததும் சீவிய இடத்தில் ஒரு துளி ஆளிவிதை எண்ணெய் தடவி, மறுநாள் பட் பிளேட்டைத் திரும்ப மாட்டுங்கள். திருகுகளைப் பழைய புரியிலேயே கையால் ஏற்றுங்கள், வலுக்கட்டாயம் கூடாது.