5.3 எல்எஸ் எஞ்சினின் ஹார்னஸை 1972 செவ்ரலே சி10-க்கு மாற்றியமைப்பது: முதல் முறை செய்பவர்களுக்கு

கழற்றிய எஞ்சின் ஹார்னஸை (ஒயர்க் கட்டை) மேசையில் விரித்ததும் பலர் மிரண்டுபோய், ஆயத்தமாக விற்கும் புது ஹார்னஸை வாங்கிவிடுகிறார்கள். கையில் பணம் இருந்தால் அதில் தவறில்லை. ஆனால் அந்தக் குவியலில் பெரும்பாலான ஒயர்கள் எஞ்சினில் தொடங்கி, எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான பிசிஎம்மில் முடிந்துவிடுகின்றன, அவற்றைத் தொடவே வேண்டாம். வண்டியோடு சேர வேண்டியவை பத்துப் பதினைந்து ஒயர்கள்தான். பிரச்சினை வருவதும் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் அல்ல, அந்தப் பத்துப் பதினைந்தில்: சப்ளை, எர்த், ரிலே.

இங்கே எடுத்துக்கொண்டது 2001 செவ்ரலே சில்வராடோவின் 5.3 லிட்டர் எல்எம்7 எஞ்சின் (எல்எஸ் வகை வி8), 4எல்60ஈ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஏறும் வண்டி 1972 சி10 பிக்கப்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பிசிஎம்மில் 80 பின் கொண்ட கனெக்டர் இரண்டு இருக்கும். 1999 முதல் 2002 வரையான டிரக்குகளில் ஒன்று நீலம், மற்றது சிவப்பு. 2003-லிருந்து நீலமும் பச்சையும். கீழே தந்திருக்கும் பின் எண்கள் நீலம்-சிவப்பு ஜோடிக்கு மட்டுமே. பச்சை கனெக்டர் உள்ள பிசிஎம்முக்கு இதை வைத்து ஒயரிங் செய்யாதீர்கள். பிசிஎம்மின் முதுகில் 12200411 என்ற எண் இருந்தால் நல்லது: டியூனிங் (பிசிஎம்மின் நிரலை மாற்றும்) மென்பொருள்கள் நன்றாகப் பழகிய பிசிஎம் அது.

திராட்டில் கேபிளில் இயங்குகிறதா, மின்மோட்டாரிலா என்று பாருங்கள். மோட்டார் வகையானால் திராட்டில் பாடி, ஆக்ஸிலரேட்டர் பெடல், அந்த மோட்டாரை இயக்கும் டேக் மாட்யூல் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுக்க வேண்டும். கலந்து போட்டால் எஞ்சின் ஐட்லிங்கைத் தாண்டாது. முதல் முறை செய்பவருக்குக் கேபிள் வகைதான் எளிது.

பழைய இரும்புக் கடையில் ஹார்னஸ் எடுக்கும்போது கட்டர் பக்கம் போகாதீர்கள். பானட்டுக்குக் கீழே உள்ள ஃபியூஸ் பெட்டிக்குள் போகும் ஒயர்களை வெட்டியே தீர வேண்டுமென்றால், பெட்டி பக்கம் ஒரு அடி நீளமாவது மிச்சம் வையுங்கள். கிராங்க் சென்சார் பிளக், நாக் சென்சார் பிளக் இரண்டும் உடைந்திருந்தால் அந்த ஹார்னஸை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.

தேவையான பொருட்கள்

மல்டிமீட்டர், திறந்த பீப்பாய் டெர்மினலுக்கான கிரிம்பிங் பிளையர், மெல்லிய டெர்மினல் பிக் (டெர்மினலை விடுவிக்கும் ஊசி), 7 மி.மீ. சாக்கெட். 40 ஆம்பியர் ரிலே நான்கு, குறைந்தது ஒன்பது ஃபியூஸ் போடக்கூடிய சிறு பெட்டி ஒன்று, 80 ஆம்பியர் மெயின் ஃபியூஸ் ஒன்று. சிக்னலுக்கு 18 கேஜ், ஃபியூயல் பம்புக்கு 12 கேஜ், ரேடியேட்டர் ஃபேனுக்கு 10 கேஜ் ஒயர். வெப்பம் தாங்கும் டிஎக்ஸ்எல் அல்லது ஜிஎக்ஸ்எல் ரக ஒயராகவே வாங்குங்கள். சாதாரண பிவிசி ஒயர் எக்ஸாஸ்ட் பக்கத்தில் இளகிவிடும். பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், எஞ்சின் பகுதிக்கான துணி டேப். கருப்பு பிவிசி டேப் சூட்டில் பிசுபிசுத்துக் கழன்று வரும், வேண்டாம்.

படி 1: பிரித்து, பெயர் எழுதி ஒட்டுங்கள்

பழைய டேப்பையும் வளையக் குழாயையும் முழுக்கக் கழற்றுங்கள். ஹார்னஸை எஞ்சினின் மேலேயே பரப்பி, ஒவ்வொரு பிளக்கையும் அதன் சென்சாரில் மாட்டுங்கள். எதிலும் மாட்டாமல் தொங்குபவைதான் உங்கள் வேலை. ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை வைத்துப் பிசிஎம் பின் வரை தடம் பிடித்து, எண்ணை எழுதி ஒட்டுங்கள். ஒயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஹார்னஸில் பிங்க் ஒயர் பத்துக்கு மேல் வரும்.

படி 2: வேண்டாததை வெட்டாமல் உருவுங்கள்

பின்பக்க ஆக்ஸிஜன் சென்சார்கள், பெட்ரோல் டேங்க் பிரஷர் சென்சார், பெட்ரோல் ஆவிக்கான ஈவாப் வென்ட் வால்வு, ஏசி இல்லையென்றால் அதன் ஒயர்கள், இவை போகலாம். கனெக்டரின் மூடியைத் திறந்து பூட்டுத் தகட்டைத் தூக்கி, பிக்கால் டெர்மினலை விடுவித்தால் ஒயர் முழுசாக வெளியே வரும். பாதியில் வெட்டி விட்டால் உள்ளே இருக்கும் முனை என்றைக்காவது எதிலாவது உரசும். உருவிய ஒயர்களைத் தூக்கிப் போடாதீர்கள், ஃபேனுக்கு டெர்மினல் தேவைப்படும். முன்பக்க ஆக்ஸிஜன் சென்சார் இரண்டும் அவசியம். 4எல்60ஈ கியர்பாக்ஸின் வட்டப் பிளக்குக்குப் போகும் கொத்தைத் தொடவே வேண்டாம்.

மாசுக் கருவிகளைக் கழற்றும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 1975 வரையான பெட்ரோல் வண்டிகளுக்கு ஸ்மாக் (புகை மாசு) சோதனை கிடையாது, 1972 சி10 அதில் வந்துவிடும். 1976 அல்லது அதற்குப் பிந்திய வண்டியில் இதே வேலையைச் செய்தால் கதை வேறு.

படி 3: வண்டியோடு சேரும் பின்கள்

எர்த்: நீலம் 1, 40. சிவப்பு 1, 40.
பேட்டரி நேரடி சப்ளை: நீலம் 20, 57.
சாவி போட்டதும் வரும் சப்ளை: நீலம் 19.
ஸ்கேனர் டேட்டா: நீலம் 58.
ஃபியூயல் பம்ப் ரிலே: சிவப்பு 9.
ஆர்பிஎம் மீட்டர்: சிவப்பு 10.
செக் எஞ்சின் விளக்கு: சிவப்பு 46.
ஃபேன் ரிலே 1, 2: சிவப்பு 42, 33.

உங்கள் எஞ்சின் ஆண்டுக்கான சர்வீஸ் மேனுவல் வரைபடத்தோடு இதை ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். இந்த டிரக்குகளில் ஃபேன் எஞ்சினாலேயே சுழல்வதால், 42, 33 துளைகள் காலியாக இருக்கக்கூடும். உருவி வைத்த ஒயரை அங்கே செருகி, டியூனிங்கிலும் எலெக்ட்ரிக் ஃபேனை இயக்கச் சொல்ல வேண்டும். ஒயர் மட்டும் போட்டால் ஃபேன் ஓடாது.

படி 4: பிங்க் ஒயர்களும் ஃபியூஸ்களும்

ஃபியூஸ் பெட்டி போனதும் அநாதையாகத் தொங்கும், சாவி சப்ளைக்கான பிங்க் ஒயர்களை ஐந்து குழுவாகப் பிரியுங்கள். 1, 3, 5, 7 சிலிண்டர்களின் இன்ஜெக்டரும் காயிலும் ஒரு குழு, 15 ஆம்பியர். 2, 4, 6, 8 இன்னொரு குழு, அதற்கும் 15. ஆக்ஸிஜன் சென்சார் ஹீட்டர்களுக்கு 15. மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் முதலிய சில்லறைகளுக்கு 10. பிசிஎம்மின் நீலம் 19-க்குத் தனியாக 10. இரு பக்கத்துக்கும் தனித்தனி ஃபியூஸ் இருப்பதில் ஒரு வசதி: ஒரு பக்க நான்கு சிலிண்டரும் ஒன்றாகச் செத்தால் எந்த ஃபியூஸ் என்று உடனே தெரிந்துவிடும்.

இந்த ஐந்தும் ஒரு மெயின் ரிலே வழியாக வர வேண்டும். ரிலேயின் அடியில் உள்ள முனை எண்களில் 30-க்கு பேட்டரி, 87-லிருந்து ஃபியூஸ்கள், 85 எர்த், 86-க்குப் பழைய சாவியின் இக்னிஷன் ஒயர்.

அந்தப் பழைய ஒயரில்தான் பெரிய கண்ணி. 1972 சி10-ல் பாயின்ட் இக்னிஷன். காயிலுக்குப் போகும் ஒயரே ஒரு ரெசிஸ்டர், வேண்டுமென்றே வோல்டேஜைக் குறைப்பதற்காகப் போட்டது. வசதியாக எஞ்சின் பக்கம் ஏற்கெனவே வந்து நிற்கிறதே என்று அதைப் பிசிஎம்முக்குக் கொடுத்தால், ஒன்றும் இணைக்காமல் அளக்கும்போது 12 வோல்ட் காட்டும், லோடு ஏறியதும் சரிந்துவிடும். எஞ்சின் ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. காயில் ஒயரை விட்டுவிட்டு, வண்டிக்குள் ஃபியூஸ் பெட்டியில் இக்னிஷன் முனையிலிருந்து புது ஒயர் இழுங்கள். அந்த முனையில் செல்ஃப் அடிக்கும்போதும் சப்ளை நிற்கிறதா என்று மீட்டரை வைத்துக்கொண்டே சாவியைத் திருப்பிப் பாருங்கள். ரேடியோ, ஹீட்டர் முனைகளில் அந்த நேரம் சப்ளை விழுந்துவிடும். அங்கிருந்து எடுத்தால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், சாவியை விட்ட நொடியில்தான் எஞ்சின் ஒரு தடவை பிடித்து அணையும்.

நீலம் 20, 57 சாவியைச் சாராமல் பேட்டரியிலிருந்து நேராக, 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக.

படி 5: ரிலேக்கள் இரண்டு ஜாதி

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஃபியூயல் பம்ப் ரிலேக்குப் பிசிஎம் 12 வோல்ட் தரும். ஃபேன் ரிலேக்கு எர்த் தரும். ஆகவே பம்ப் ரிலேயில் 86-க்கு சிவப்பு 9, 85 எர்த். ஃபேன் ரிலேயில் 86-க்கு மெயின் ரிலேக்குப் பின்னால் வரும் சப்ளை, 85-க்கு பிசிஎம். இரண்டையும் ஒரே மாதிரி இணைத்தால் ஏதோ ஒன்று வேலை செய்யாது, குறை எதில் என்று ஊகிக்கவும் முடியாது. இரண்டிலும் 30-க்கு பேட்டரி, 87-க்கு மோட்டார். பம்புக்கு 20, ஃபேன் ஒவ்வொன்றுக்கும் 30 ஆம்பியர் ஃபியூஸ். செக் எஞ்சின் விளக்குக்கும் பிசிஎம் எர்த்தான் தரும். பல்பின் மறுமுனைக்குச் சாவி சப்ளை.

சி10-ன் பழைய மெக்கானிக்கல் பம்பு இதற்கு உதவாது. இந்த எஞ்சினுக்கு 58 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும்.

படி 6: எர்த்

பிசிஎம் எர்த் ஒயர்கள் சிலிண்டர் ஹெட்டின் பின்புறம் போல்ட் ஆகும். பெயின்டைச் சுரண்டி வெள்ளை உலோகம் தெரிந்த பிறகே முறுக்குங்கள். பேட்டரி நெகட்டிவ் நேராக எஞ்சின் பிளாக்குக்கு. பிளாக்கிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கனமான பட்டை, ஃபயர்வாலுக்கு இன்னொன்று. ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கும் எஞ்சினுக்குப் பாடியோடு வேறு தொடர்பு கிடையாது. முடித்ததும் மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரி நெகட்டிவ், மறுமுனை எஞ்சின் பிளாக், செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை.

படி 7: ஸ்கேனர் சாக்கெட், மீட்டர்கள், ஆல்டர்னேட்டர்

16 பின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் 2-க்கு நீலம் 58. 4, 5 எர்த். 16-க்கு பேட்டரி சப்ளை. நாலே ஒயர், இதைத் தள்ளிப் போடாதீர்கள். ஸ்கேனர் இல்லாமல் எல்எஸ் எஞ்சினில் குறை தேடுவது இருட்டில் ஊசி தேடுவதுதான்.

சிவப்பு 10-லிருந்து வரும் ஆர்பிஎம் சிக்னல் சுற்றுக்கு இரண்டு துடிப்பு. மீட்டரை 4 சிலிண்டர் என்று மாற்றி வையுங்கள். முள் அசையாவிட்டால் சிக்னல் ஒயருக்கும் 12 வோல்ட்டுக்கும் இடையே 5 கிலோ ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் போடுங்கள். வெப்பநிலை, ஆயில் பிரஷர் முள்களுக்குப் பழைய வண்டியின் சென்டர்களே (முள்ளை இயக்கும் சென்சார்கள்) வேண்டும், பிசிஎம்மின் சென்சாரில் இருந்து ஒயர் பிரித்துக் கொடுத்தால் இரண்டும் தப்புக் காட்டும். வலது ஹெட்டின் பின்புறம் எம்12 அடைப்பு ஒன்று உண்டு, அதில் அடாப்டர் வைத்து வெப்ப சென்டரை மாட்டலாம்.

ஆல்டர்னேட்டரின் எல் முனைக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தால் உள்ளிருக்கும் ரெகுலேட்டர் போய்விடும். சார்ஜ் விளக்கு வழியாகவே கொடுங்கள். சி10-ன் பழைய வெளி ரெகுலேட்டரைக் கழற்றிவிடலாம். சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால், அந்த விளக்கு வழியாகக் கரன்ட் திரும்பி வந்து மெயின் ரிலேயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விளக்கு ஒயரில் ஒரு டையோடு போட்டால் தீரும்.

படி 8: பிசிஎம்மில் திருட்டுத் தடுப்பை அணைத்தல்

சில்வராடோவின் சாவி அமைப்பு இப்போது வண்டியில் இல்லை. அதைப் பிசிஎம்மிடம் சொல்லாவிட்டால் எஞ்சின் பிடித்து இரண்டே நொடியில் அணையும், எத்தனை முறை முயன்றாலும் அதேதான். ஹெச்பி டியூனர்ஸ், ஈஎஃப்ஐலைவ் போன்ற மென்பொருளில் வாட்ஸ் என்ற திருட்டுத் தடுப்பை அணைத்து, கழற்றிய சென்சார்களின் பிழைக் குறியீடுகளையும் நீக்க வேண்டும். பிசிஎம்மைத் தபாலில் அனுப்பியும் செய்துகொள்ளலாம்.

படி 9: முதல் ஸ்டார்ட்

எல்லா ஃபியூஸையும் கழற்றிவிட்டுப் பேட்டரியை இணையுங்கள். ஒவ்வொன்றாகப் போட்டு, அதற்குரிய பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சாவி போட்டதும் பம்பு இரண்டு நொடி ஓடி நிற்க வேண்டும். ஓடவில்லை, ஸ்கேனரும் பேசவில்லை என்றால் பிசிஎம்முக்குச் சப்ளையோ எர்த்தோ இல்லை. ஸ்கேனர் பேசுகிறது, பம்பு மட்டும் ஓடவில்லை என்றால் ரிலேயைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யமாகவே நின்றால் கிராங்க் சென்சார் பிளக். செல்ஃபே சுற்றவில்லை என்றால் பிசிஎம்மைக் குறை சொல்ல வேண்டாம், அது சி10-ன் பழைய ஒயரிங். எஞ்சின் ஓடி பி1336 என்ற குறியீடு வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, கிராங்க் ரீலேர்ன் (கிராங்க் சென்சார் சிக்னலைப் பிசிஎம்முக்குப் புதிதாகப் பழக்குவது) செய்யச் சொல்கிறது. அந்த வசதி உள்ள ஸ்கேனரால் சில நிமிடத்தில் முடியும்.

டேப் சுற்றுவது இதற்கெல்லாம் பிறகு. எஞ்சின் சூடேறி ஃபேன் ஒருமுறை தானாக ஓடி நின்ற பின், கிளைகளை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து ஒரு கை அகலமாவது விலக்கி ரப்பர் உறை போட்ட கிளாம்பால் பிடித்துவிட்டு, துணி டேப்பைப் பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றுங்கள். ஃபயர்வால் துளையில் ரப்பர் வாஷர் போட மறக்காதீர்கள், தகட்டு விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிடும்.