சளிக்கு எசென்ஷியல் ஆயில்: அடைத்த மூக்கை வைத்து அளவு பார்க்காதீர்கள்

சளியும் ஃப்ளூவும் பரவுகிற மாதங்கள் வந்தால் எனக்கு வருகிற போன்கள் ஒரே மாதிரி ஆகிவிடும். "எத்தனை சொட்டு விடலாம்?" என்று முன்கூட்டியே கேட்பவர்கள் குறைவு. "நிறைய விட்டுவிட்டேன், வாசனையே தெரியவில்லை, எண்ணெய் போலியா?" என்பவர்கள்தான் அதிகம். எசென்ஷியல் ஆயில், அதாவது செடிகளிலிருந்து எடுக்கும் செறிவான வாசனை எண்ணெய், கலக்கக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. புதிதாகக் கற்கும்போது நானும் கேட்டதுதான். குடிக்கக் கூடாது, கண்ணில் படக் கூடாது என்பதெல்லாம் பாட்டில் லேபிளிலேயே இருக்கிறது, அவற்றை விட்டுவிட்டு, நான் அடிக்கடி பார்க்கிற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அடைத்த மூக்கை அளவுகோலாக்குவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும், அதனால் கொஞ்சம் நீளும்.

சளி பிடித்தவருக்கு மூக்கின் உள்சவ்வு வீங்கியிருக்கும். வாசனையை உணர்கிற நரம்புகள் மூக்கின் உள்ளே மேல்பகுதியில் இருக்கின்றன. அங்கே காற்றே சரியாகப் போய்ச் சேராது. தண்ணீரோடு எண்ணெயைப் பனிபோலக் காற்றில் பரப்பும் கருவியான டிஃப்யூசரில் 4 சொட்டு விடுகிறார், ஒன்றும் தெரியவில்லை. இன்னும் 4 சொட்டு விடுகிறார். அப்புறம் எண்ணுவதையே நிறுத்திவிடுகிறார். அந்த அறையில் வாசனை தெரியாதவர் அவர் ஒருவர்தான். பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையும், ஆஸ்துமா உள்ள பெரியவரும் அத்தனையையும் முழுசாக இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

என்னிடம் கற்றுக்கொண்ட ஒருவர் இப்படித்தான் கதவு ஜன்னலை அடைத்து, யூகலிப்டஸையும் பெப்பர்மின்ட்டையும் கலந்து ராத்திரி முழுக்க ஓடவிட்டிருக்கிறார். நடுவில் எழுந்து தண்ணீரும் எண்ணெயும் நிரப்பியிருக்கிறார். காலையில் எனக்குப் போன் செய்தது வேறு பிராண்ட் கேட்பதற்காக. "இதில் வாசமே இல்லை" என்றார். பின்னால் யாரோ விடாமல் இருமுவது கேட்டது. யார் என்று கேட்டேன். "அம்மா. ஆஸ்துமா. ராத்திரியிலிருந்து இப்படித்தான்." டிஃப்யூசரை அணைத்து ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். இன்ஹேலருக்கு இருமல் அடங்கவில்லை. அன்று மருத்துவமனையில் நெபுலைசர் (மருந்தைப் புகைபோல இழுக்க வைக்கும் கருவி) வைக்க வேண்டியதாயிற்று. போன் செய்தவருக்கோ தலைவலி தவிர வேறொன்றும் இல்லை. எண்ணெய் போலி என்ற சந்தேகம் மட்டும் மாலை வரைக்கும் தீரவில்லை.

சளி இல்லாதவர் மூக்கையும் முழுசாக நம்ப முடியாது. ஒரே வாசனைக்குள் சில நிமிடங்கள் உட்கார்ந்திருந்தால் மூக்கு பழகிவிடும். எண்ணெய் காற்றில் அப்படியேதான் இருக்கும், நமக்குத்தான் தெரியாமல் போகும்.

இதில் மெந்தால் இன்னொரு குழப்பத்தைச் சேர்க்கிறது. பெப்பர்மின்ட் எண்ணெயில் இருக்கும் மெந்தால், குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. உடனே காற்று தாராளமாகப் போவதுபோலத் தோன்றும். ஆனால் மூக்கு வழியாகப் போகிற காற்றை அளந்து பார்த்தால் அடைப்பு இருந்தபடியே இருக்கும். அந்தச் சுகத்தை நான் குறை சொல்லவில்லை, தூக்கம் வராத இரவில் அதுவே பெரிய உதவி. ஆனால் சொட்டைக் கூட்டினால் அடைப்பு இன்னும் திறக்கும் என்று எதிர்பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

அதனால் மூக்கை விட்டுவிட்டுச் சொட்டையும் கடிகாரத்தையும் பாருங்கள். 100 மி.லி. டிஃப்யூசருக்கு 3 முதல் 5 சொட்டு. அரை மணி நேரம் ஓடினால் போதும், பிறகு அணைத்துவிட்டுக் குறைந்தது அதே அளவு இடைவெளி. கதவு கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். சந்தேகம் இருந்தால், வெளியே போய்விட்டு வந்த ஒருவரை அறை வாசலில் நிற்கச் சொல்லுங்கள். வாசலிலேயே வாசனை முகத்தில் அடித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் நான் டிஃப்யூசரே போடச் சொல்வதில்லை.

பூனை இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். இந்த எண்ணெய்களில் இருக்கும் பல பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. டீ ட்ரீ எண்ணெயை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

ஆவி பிடிக்கும் பாத்திரத்தில் பாட்டிலைக் கவிழ்ப்பது

மேலே சொன்ன அதே கதை, கண்ணெரிச்சல் கூடுதல். 1 அல்லது 2 சொட்டு போதும், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். அங்கே எண்ணெயைவிடப் பெரிய ஆபத்து, கொதிக்கிற தண்ணீர் கவிழ்ந்து உடம்பில் கொட்டுவது.

டிஃப்யூசர் போட்டால் காற்றில் உள்ள வைரஸ் சாகும் என்று நம்புவது

சாகாது. ஜன்னலைத் திறங்கள்.

தண்ணீரில் விட்டால் நீர்த்துவிடும் என்று நினைப்பது

எசென்ஷியல் ஆயில் தண்ணீரில் கரையாது, பெரும்பாலும் மிதக்கும். குளிக்கிற தொட்டியில் 10 சொட்டு விட்டால் அத்தனையும் நீர்க்காமல் அப்படியே தோலில் ஒட்டும், அதுவும் மென்மையான இடங்களில். உப்பில் கலந்து போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. உப்பு கரைந்துவிடும், எண்ணெய் மறுபடி மேலே வந்து நிற்கும்.

மார்பில் தடவுவதானாலும் முதலில் தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய் மாதிரி ஒரு சாதாரண எண்ணெயில்தான் கலக்க வேண்டும். பெரியவர்களுக்கு 30 மி.லி.க்கு 6 சொட்டு என்றால் ஏறக்குறைய 1 சதவீதம், 12 சொட்டு என்றால் 2 சதவீதம். அதற்கு மேல் போக வீட்டில் எந்தக் காரணமும் இல்லை. "இது தெரபியூட்டிக் கிரேடு (சிகிச்சைத் தரம்), நேரடியாகவே தடவலாம்" என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அது விற்பனைக்காக வைத்த பெயர். எந்த அரசு அமைப்பும் அப்படி ஒரு தரம் பிரித்துக் கொடுக்கவில்லை.

கைக்குழந்தையின் மூக்கருகே மெந்தால் தடவுவது

மூச்சே நின்றுபோகலாம். கூடாது.

வின்டர்கிரீனையும் மற்ற எண்ணெய்களோடு சேர்ப்பது

வாசனை இதமாக இருப்பதால் உடம்பு வலிக்கு இதைக் கலந்துவிடுகிறார்கள். வின்டர்கிரீன் எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்கவே மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. ஃப்ளூ வந்த பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதற்கு ரே சிண்ட்ரோம் என்ற ஆபத்தான நோய் காரணம். அதே காரணத்துக்காகப் பிள்ளைகளுக்கு இந்த எண்ணெயும் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்குத் தோலில் தடவினால்கூட ரத்தக் கசிவு அபாயம் கூடும்.

போன வருஷத்து பாட்டில்

பலமுறை திறந்து மூடிய டீ ட்ரீ, எலுமிச்சை எண்ணெய்கள் காற்றுபட்டு மாறிவிடும். தோலில் ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் இந்தப் பழைய எண்ணெய்தான். வாசனை காறினால் கொட்டிவிடுங்கள்.

மருந்துகளோடு சேர்த்து வைப்பது

எசென்ஷியல் ஆயில் பாட்டிலும் மூக்குச் சொட்டு மருந்து பாட்டிலும் அரைத்தூக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும். பூட்டு உள்ள வேறு அலமாரி, உயரமான இடம், இரண்டும் வேண்டும். யூகலிப்டஸ் எண்ணெய் சில மி.லி. உள்ளே போனாலே குழந்தை மயங்கலாம், வலிப்பும் வரலாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்கவும் வேண்டாம். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். எவ்வளவு மீதி இருக்கிறது என்று மருத்துவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.