இரவில் மட்டும் பச்சையாகத் தெரிந்த மஞ்சள் சுவர்: என் அனுபவம்

மஞ்சள் அடித்தால் சாப்பாட்டு அறை உற்சாகமாக இருக்கும் என்றார்கள், நிறம் மனநிலையை மாற்றும் என்று நிற உளவியல் பேசுபவர்கள். பகலில் சரிதான். விளக்கைப் போட்டதும் சுவர் லேசாகப் பச்சையடித்தது, தக்காளிச் சட்னி பழுப்பாகத் தெரிந்தது. இன்னொரு கோட் அடித்தோம், திரைச்சீலையை மாற்றினோம், பயனில்லை.

ஒருநாள் பரணில் கிடந்த பழைய குண்டு பல்பை மாட்டியபோது சுவர் மஞ்சளாகவே இருந்தது! அதுவரை எரிந்த எல்இடி பல்பின் பெட்டியைப் பார்த்தால் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சொல்லும் அளவு), நீலம் தூக்கலான வெளிச்சம். பலரும் வாட்டை மட்டும் பார்ப்பார்கள். சிஆர்ஐ என்று ஓர் எண் சின்னதாக இருக்கும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் அது, அதிகபட்சம் 100. மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின், சிஆர்ஐ 90க்கு மேல் உள்ளதைத் தேடி வாங்கி மாட்டினேன். சுவரும் சட்னியும் சரியாகிவிட்டன, அப்பாடா. நிற உளவியல் பேசுபவர்கள் பல்பைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லையோ! பழைய எல்இடி இப்போது மாடிப்படியில் எரிகிறது.