பிளந்த கல் செடிக்கு நீரை நிறுத்திய அனுபவம்

தென்னாப்பிரிக்கா, நமீபியா நாடுகளின் வறண்ட நிலங்களில் கூழாங்கற்களோடு கல்லாகத் தோன்றி வாழும் லித்தாப்ஸ் செடி, என் ஜன்னலோரத் தொட்டியில் நடுவே பிளந்து, பழைய இலைகள் சுருங்கத் தொடங்கியபோது, அது தாகத்தால் வாடுகிறது என்றே வீட்டில் கருதினார்கள். உண்மையில், பிளவுக்குள்ளிருந்து எழும் புதிய இலைச் சோடி பழைய இலைகளில் சேமிக்கப்பட்ட நீரை உறிஞ்சியே வளர்கிறது. அந்த வேளையில் நீர் ஊற்றினால் பழைய இலைகள் வற்றாமல் புதியவற்றை நெருக்கும், வேரும் அழுகக்கூடும். ஆகவே நீரை முற்றிலும் நிறுத்தி, நான்கைந்து மணி நேரம் வெயில் விழும் ஜன்னலுக்குத் தொட்டியைப் படிப்படியாக நகர்த்தினேன். மண்கலவையில் பெரும்பகுதி நீர் தேங்காத பருமணல் என்பதால் அதை மாற்றவில்லை. சுருங்கிய பழைய இலைகளின் தோலை உரித்துவிடும் ஆசையை அடக்குவதுதான் கடினமாக இருந்தது. அது காகிதம்போல் காய்ந்த பின்னரே மீண்டும் நீர் ஊற்றினேன்.