குழந்தைக்குப் பல் பிடுங்க: லேசான மயக்கமா, முழு மயக்கமா?

குழந்தை அழுகிறது என்பதற்காக முழு மயக்கத்தை முடிவு செய்யாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது பற்களை: எத்தனை, எந்தெந்தப் பக்கம், ஏற்கெனவே ஆடுகிறதா, வேர் முழுசாக இருக்கிறதா? ஆடிக்கொண்டிருக்கும் ஒற்றைப் பால் பல்லுக்கு ஈறில் மரப்பு ஜெல் தடவி ஊசி போட்டாலே பெரும்பாலும் போதும்.

பயம் இருந்தாலும் சொன்னதைக் கேட்கிற குழந்தை, ஒன்றிரண்டு பற்கள் என்றால் லேசான மயக்கம் தரும் சிரிப்பு வாயு (நைட்ரஸ் ஆக்சைடு) நல்ல வழி. மூக்கின் மேல் சிறு மாஸ்க் வைத்து, ஆக்சிஜனோடு கலந்து, வழக்கமாக 30 முதல் 50 சதவீதம் வரை கொடுப்பார்கள். சில நிமிடங்களில் பிடிக்கும். முடிந்தபின் ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். சளியால் மூக்கடைத்திருந்தாலோ, அழுதுகொண்டு வாயால் மூச்சு விட்டாலோ இது வேலை செய்யாது. வலியை முழுதாக நிறுத்தாது என்பதால் மரப்பு ஊசியும் போட வேண்டும்.

லேசான மயக்கத்துக்கு அடுத்த வழி, குடிக்கக் கொடுக்கும் மிடசோலம் என்ற மருந்து: எடையில் கிலோவுக்கு 0.25 முதல் 0.5 மி.கி., பிடிக்க 20 முதல் 30 நிமிடம். கசப்பு தாங்காமல் துப்பிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. அதை ஈடுகட்ட இன்னொரு முறை கொடுப்பது ஆபத்து. சில குழந்தைகள் தூங்காமல் எதிர்மாறாக ஆவேசப்படுவார்கள். மயக்க மருந்தை வீட்டிலேயே கொடுத்து அழைத்து வரச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். வழியில் தலை தொங்கி மூச்சுப்பாதை அடைபடலாம்.

முழு மயக்கம் எப்போது? வாயின் நான்கு பக்கமும் பிடுங்க வேண்டியிருந்தால், ஒத்துழைக்க முடியாத சிறு வயது அல்லது வளர்ச்சிக் குறைபாடு இருந்தால், சீழ் பிடித்த இடத்தில் மரப்பு ஊசி எடுபடாமல் போனால். இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. மரப்பு ஊசியில் இருக்கும் லிக்னோகெயின் மருந்தின் உச்ச அளவாகப் பல மருத்துவர்கள் கொள்வது கிலோவுக்கு 4.4 மி.கி. எனவே 15 கிலோ குழந்தைக்கு 66 மி.கி.; 2 சதவீத மருந்தில் அது வெறும் 3.3 மி.லி. நான்கு பக்கமும் மரக்கச் செய்ய ஒரே அமர்வில் அது பற்றாமல் போகலாம். மயக்க மருந்தும் சேரும்போது இந்த வரம்பை மீறுவது இன்னும் மோசம்.

முழு மயக்கம் என்று ஆனால் முன்கூட்டியே எக்ஸ்ரே எடுத்து, பிடுங்குவதும் அடைப்பதும் எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடிக்கத் திட்டமிடச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் மறுபடி மயக்கம் என்றால், முதல் திட்டம் அரைகுறையாக இருந்திருக்கலாம். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ பலமுறையோ மயக்கம் கொடுப்பது குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் எச்சரித்தது. பல் பிடுங்குவதற்கு வழக்கமாக அவ்வளவு நேரம் ஆகாது.

மயக்க மருத்துவரிடம் இவற்றைச் சொல்லாமல் விடாதீர்கள்: மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, பெரிய டான்சில், ஆஸ்துமா, ரத்தம் உறையாத கோளாறு, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் வந்த சிக்கல், இப்போதைய சளி, காய்ச்சல். மார்புச் சளியோ காய்ச்சலோ இருந்தால் சில வாரம் தள்ளிப்போடுவார்கள். வற்புறுத்தாதீர்கள். உணவும் பாலும் ஆறு மணி நேரம், தாய்ப்பால் நான்கு, தண்ணீர் இரண்டு மணி நேரம் முன் நிறுத்துவது பொதுவான வழக்கம். உங்கள் மருத்துவமனை சொல்வதே இறுதி. ஒரு வாய் பிஸ்கட்டை மறைத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு.

இடத்தைப் பற்றியும் கேளுங்கள். லேசான மயக்கம் எதிர்பாராமல் ஆழமாகிவிடலாம். அதனால் பல்லைக் கவனிப்பவர் ஒருவர், குழந்தையின் மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் மட்டுமே பார்ப்பவர் இன்னொருவர் இருக்க வேண்டும். இரண்டையும் ஒருவரே பார்ப்பார் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

முழு மயக்கம் தெளியும்போது சிறிது நேரம் காரணமின்றிக் கத்தி அழுவது சகஜம். மரப்பு ஊசி போட்டிருந்தால் உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். கடித்துப் புண்ணாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பும்போது ஓட்ட ஒருவர், பின் இருக்கையில் குழந்தையின் தலையைத் தாங்க இன்னொருவர் வேண்டும்.